ஆக்காட்டு, குஞ்சு!

நண்பகல் தாண்டிய நேரம். கொக்குவில் புகையிரத நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு. விறாந்தைப் படியில் அம்மம்மா. மடியில் இருபது மாதப் பேத்தி. கையில் ஒரு கிண்ணம். அதற்குள் மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, முள் எடுத்த மீன், மேலே இரண்டு கரண்டி சொதி. எல்லாம் சேர்த்துக் கையால் பிசைந்த குழையல்.

"அங்கை பார், ரெயில் வருது! ஆக்காட்டு, குஞ்சு!"

ரெயில் வருகிறது. குஞ்சு அதை வடிவாகப் பார்க்கிறாள். கடைசிப் பெட்டி போகும்வரை கையும் காட்டுகிறாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

இந்த அம்மம்மா தன் மகளுக்குச் சோறு தீத்திய காலத்தில் காட்டுவதற்கு ரெயிலே இல்லை. 1990 இல் போரால் நின்றுபோன ரெயில், 2015 ஜனவரியில்தான் மறுபடி காங்கேசன்துறை வரை ஓடியது. அன்றைக்குக் காகத்தைக் காட்டினார்கள், அம்புலிமாமாவைக் காட்டினார்கள். காட்டும் பொருள் மாறியிருக்கிறது. மூடிய வாய் மாறவில்லை. "இந்தப் பிள்ளை காத்தைக் குடிச்சுக்கொண்டுதான் சீவிக்குது" என்ற முறைப்பாடும் மாறவில்லை.

அந்தச் சின்ன வாய் ஏன் மூடுகிறது? பிடிவாதம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்த்தால், அங்கே ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிறார், ஒரு காவற்காரன் இருக்கிறான், பிறப்பதற்கு முன்பே எழுதத் தொடங்கிய ஒரு குறிப்பேடும் இருக்கிறது.

முதலில் கணக்கு. அந்த வீட்டுக்குக் கிட்டவே, கொக்குவில் ஆடியபாதம் வீதியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இருக்கிறது. 1978 இல் தொடங்கியது. குழந்தை மருத்துவம் படிக்கும் எந்த மாணவரும் முதலில் மனனம் செய்யும் கணக்கு இது: மூன்று கிலோவோடு பிறந்த பிள்ளை ஒரு வயதில் ஏறக்குறைய ஒன்பது கிலோ. அதாவது மூன்று மடங்கு. இதே வேகத்தில் போனால் இரண்டு வயதில் 27 கிலோ, மூன்று வயதில் 81 கிலோ, நாலாவது பிறந்தநாளில் 243 கிலோ! மடியில் வைத்துத் தீத்த முடியாது; கொட்டிலில் கட்டித்தான் தீன் போட வேண்டும்.

நல்லவேளையாக உடம்பு பிறேக் போடுகிறது. இரண்டாவது ஆண்டு முழுவதற்கும் ஏறும் நிறை இரண்டரைக் கிலோ அளவுதான். ஒரு நாளுக்கு ஏழு கிராம். ஒன்றரைத் தேக்கரண்டிச் சீனியின் பாரம். பிறந்த புதிதில் இதைப்போல நாலு மடங்கு வேகத்தில் ஏறிய உடம்பு இது. வளர்ச்சி குறைந்தால் பசியும் குறையும். முதலாவது பிறந்தநாள் கேக் வெட்டிய கையோடு "பிள்ளை இப்ப சாப்பிடுதே இல்லை" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு தொடங்குவதற்கு இதுவே முதற் காரணம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. போன வருடத்துக் கிண்ணத்தை இந்த வருடமும் நிரப்பிக்கொண்டு நிற்பவர்கள் பெரியவர்கள்தான்.

அந்தக் கிண்ணத்தையும் அளந்து பார்க்கலாம். சின்னப் பிள்ளையின் இரைப்பை, நிறையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லிலீற்றர் என்ற கணக்கில் கொள்ளும். பத்துக் கிலோப் பிள்ளைக்கு 300 மில்லிலீற்றர். பெரியவர்கள் தேத்தண்ணி குடிக்கும் பெரிய கோப்பை ஒன்று. தண்ணீர், பால், சோறு, வாழைப்பழம் எல்லாம் அதற்குள்தான். சாப்பிட முதல் ஒரு போத்தல் பால் குடித்த பிள்ளைக்குச் சோற்றுக்கு அங்கே இடம் எது?

இனி அந்தக் கணக்கப்பிள்ளையைப் பார்ப்போம். அமெரிக்க உளவியலாளர் லீன் பேர்ச் தன் குழுவோடு இரண்டு முதல் ஐந்து வயது வரையான 15 பிள்ளைகளின் சாப்பாட்டை ஆறு நாட்கள் முழுக்க நிறுத்துப் பார்த்து, 1991 இல் முடிவை வெளியிட்டார். வேளைக்கு வேளை பார்த்தால் குழப்பம்தான். காலையில் அள்ளிச் சாப்பிட்ட பிள்ளை மத்தியானம் தட்டைத் தள்ளியது. ஒரே வேளைச் சாப்பாட்டின் அளவு நாளுக்கு நாள் மூன்றில் ஒரு பங்கு மட்டில் ஏறி இறங்கியது. ஆனால் முழு நாளின் கலோரியைக் கூட்டிப் பார்த்தபோது, நாளுக்கு நாள் வேறுபாடு 10 சதவீத அளவில் நின்றது! ஒரு வேளை குறைந்ததை அடுத்த வேளை கூட்டி, கூடியதைக் குறைத்து, எண்ணக்கூடத் தெரியாத பிள்ளை நாட்கணக்கைச் சரிக்கட்டி வைத்திருந்தது. அம்மம்மா பார்ப்பது ஒரு வேளையை. பேத்தியின் உடம்பு பார்ப்பது முழு நாளை.

கலோரியில் பெரும்பங்கு எங்கே போகிறது? தலைக்குள். பெரியவர்களின் மூளை, உடம்பு ஓய்வில் இருக்கும்போது செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுக்கிறது. பிள்ளையில் அது பொல்லாத செலவாளி. 2014 இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஐந்து வயதை ஒட்டி மூளை எடுக்கும் பங்கு மூன்றில் இரண்டு. மூளை மிகக் கூடுதலாக உண்ணும் அந்த வயதில்தான் உடம்பின் வளர்ச்சி மிக மந்தம். வீட்டில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போகிற வருடத்தில் மதில் கட்டும் வேலையைத் தள்ளிப்போடுவோமே, அந்த மாதிரி உடம்பும் உயரத்தைத் தள்ளிப்போட்டு மூளைக்குக் காசு கட்டுகிறது.

சரி, அளவுக்குக் காரணம் தெரிந்தது. ஆனால் பத்து மாதத்தில் பூசணிக்காய், கீரை, மீன் எல்லாம் விழுங்கிய அதே வாய், இப்போது பச்சையாக ஒரு துணுக்கைக் கண்டாலும் துப்புகிறதே? இங்கேதான் காவற்காரன் வருகிறான். புதிய உணவைக் கண்டு ஒதுங்கும் இந்த இயல்பைப் 'புத்துணவு அச்சம்' எனலாம். தவழும் வயதில் இது குறைவு. நடக்கத் தொடங்கிய பிறகு மெல்லத் தலைதூக்கி, இரண்டு முதல் ஆறு வயது வரை உச்சத்தில் நிற்கும்.

அந்த நேரத்தைக் கவனியுங்கள். தவழும் பிள்ளையின் வாய்க்குள் போவதை அம்மா தீர்மானிக்கிறாள். நடக்கும் பிள்ளை தனியாக வேலியோரம் போய்விடும். அங்கே சிவப்பும் கறுப்புமாகக் குன்றிமணி மினுங்கும். மஞ்சள் அலரி காய்த்திருக்கும். இரண்டுமே கொடிய நஞ்சு. அம்மாவின் கைக்கு எட்டாத தூரத்துக்குக் கால் போகும் வயதில், "தெரியாததை வாயில் வைக்காதே" என்று உள்ளிருந்து ஒரு குரல் பிள்ளையைத் தடுக்கத் தொடங்குகிறது. இந்தக் குரல் பரிணாமம் தந்த பாதுகாப்பு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முழுப் பாதுகாப்பு என்று நம்பி வேலியோரம் விட்டுவிட முடியாது. ஆனால் தட்டில் கிடக்கும் வறையைச் சந்தேகிக்க அது தாராளமாகப் போதும்.

"ஆர் பழக்கின பழக்கம் இது?" என்று மருமகளைப் பார்க்க முன்னர் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் எட்டு முதல் பதினொரு வயதான 5,390 இரட்டைச் சோடிகளை ஆராய்ந்து 2007 இல் ஒரு முடிவு வந்தது. புத்துணவு அச்சத்தில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் 78 சதவீதத்துக்குக் காரணம் மரபணு. பெரும்பங்கு பரம்பரைச் சொத்து. சின்ன வயதில் கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிய தாத்தாவையும் விசாரணைக்கு அழைக்கலாம்.

காவற்காரன் கையில் ஓர் ஆயுதம் உண்டு: கசப்பு. நாக்கின் சுவை மொட்டுகளில் 'ஏற்பிகள்' இருக்கின்றன. பூட்டுக்குத் திறப்புப் பொருந்துவதுபோல, ஒவ்வொரு ஏற்பியிலும் அதற்குரிய வேதிப்பொருள் பொருந்தினால் மூளைக்குச் செய்தி போகும். இனிப்புக்கு அடிப்படையில் ஒரே வகைப் பூட்டு. கசப்புக்கு ஏறத்தாழ 25 வகை! இனிப்பு என்றால் பெரும்பாலும் சக்தி. ஒரு பூட்டுப் போதும். நஞ்சுகள் ஆயிரம் வேடம் போடும்; அதனால்தான் இத்தனை காவல். நாம் அவித்துச் சம்பலோடு சாப்பிடும் மரவள்ளியிலேயே கசப்பான கிழங்கு என்றால் சயனைட்டு தரும் பொருள் கூட என்று அர்த்தம்.

கசப்பு எல்லோருக்கும் ஒன்றில்லை என்பது ஒரு தற்செயலால் தெரியவந்தது. 1931 இல் டூபொன்ட் ஆய்வுகூடத்தில் ஆர்தர் ஃபொக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு தூளைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவர் "என்ன கசப்பு!" என்று முகம் சுளித்தார். ஃபொக்ஸின் நாக்கில் ஒன்றுமே தெரியவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2003 இல், அந்த வேறுபாட்டுக்குப் பொறுப்பான மரபணுவும் பிடிபட்டது. அந்த மரபணு அமைக்கும் பூட்டுத்தான் கோவாவிலும் நோக்கோலிலும் உள்ள சில கந்தகச் சேர்மங்களையும் உணர்கிறது. முருங்கையும் தாவரவியலில் கோவாவின் வரிசையைச் சேர்ந்தது. அந்தச் சேர்மங்களின் உறவினர் அதிலும் உண்டு. இன்னொரு வியப்பு: இந்த மரபணுவின் ஒரே வகைச் சோடியைத் தாயும் பிள்ளையும் கொண்டிருந்தாலும், பிள்ளையின் நாக்குக் கசப்பைக் கூடுதலாக உணரலாம் என்று 2005 இல் கண்டார்கள். "இதிலை என்ன கசப்பு?" என்று அம்மா கேட்பது உண்மை. முகம் சுளிக்கும் பிள்ளையும் பொய் சொல்லவில்லை.

காவற்காரன் வெறும் முரடன் என்றால் மனிதர்கள் பாகற்காய் சமைத்திருக்க மாட்டார்கள். அவனிடம் ஒரு குறிப்பேடு உண்டு. அதில் எழுதியவற்றை உள்ளே விடுவான். எழுத்து தொடங்குவது கருப்பையில். தாய் சாப்பிட்டவற்றின் மணமும் சுவையும் பனிக்குடநீரில் கரைகின்றன. சிசு அதைக் குடிக்கிறது. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தினர் நூறு கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2022 இல் வெளியிட்டார்கள். சிலருக்குக் கரட் தூள் குளிசை, சிலருக்குக் கேல் என்ற கசப்புக் கீரையின் தூள் குளிசை. இருபது நிமிடத்தில் ஸ்கான் எடுத்தபோது, கரட்டுக்குச் சிசுவின் முகம் சிரிப்புப்போல விரிந்தது. கீரைக்கு அழுவதுபோலச் சுருங்கியது.

பிறந்த பிறகு தாய்ப்பால் அந்தக் குறிப்பேட்டைத் தொடர்ந்து எழுதுகிறது. பிலடெல்பியாவின் மொனெல் ஆய்வு நிலையத்தில் ஜூலி மெனெல்லா குழுவினர் 1991 இல் காட்டியது இது: தாய் உள்ளி சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் மட்டில் பாலில் உள்ளி மணம் உச்சத்துக்கு வருகிறது, குழந்தை அந்தப் பாலைக் கூடுதல் நேரம் குடிக்கிறது. இதை வாசிக்கிற யாழ்ப்பாணத்துப் பாட்டிமார் சிரிப்பார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் சரக்கரைத்து உள்ளி போட்டுப் பத்தியக் கறி வைப்பதும், பால் ஊற வேண்டுமென்று பால்சுறா வறுப்பதும் எத்தனை தலைமுறை வழக்கம்! தாய்க்குச் சமைத்தது பிள்ளைக்கும் பாடம் எடுத்திருக்கிறது.

அடுத்த பாடம் பல்லோடு வருகிறது. முதற் பல் தெரிந்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்து, பிள்ளையை இருத்தி, தலையில் வெள்ளைத் துணி பிடித்து, அதன்மேல் கொழுக்கட்டையைக் கொட்டுவார்கள். பல்லைப்போல நறுக்கிய தேங்காய்ச் சொட்டும் அதில் இருக்கும். "இனிப் பிள்ளை கடிக்கலாம்" என்று ஊருக்கு அறிவிக்கும் விழா அது. உண்மையில் கடிப்பதும் காலத்தில் பழக வேண்டிய ஒரு கலை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தொடர்ந்த ஆய்வில், பத்து மாதத்துக்குப் பிறகுதான் கட்டிகட்டியான உணவைக் கண்ட பிள்ளைகளுக்கு, ஒன்றேகால் வயதில் சாப்பாட்டுச் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. எல்லாவற்றையும் கிரைண்டரில் மாவாக அடித்துக் கொடுத்துக்கொண்டே போனால், நாக்குக்குச் சோற்றுப்பருக்கையே அந்நியமாகிவிடும். மறுபக்கம், அரைக்கும் கடைவாய்ப்பல் பதின்மூன்று மாதத்துக்குப் பிறகுதான் வரத் தொடங்குகிறது. கடைசிச் சோடி இரண்டு வயது தாண்டியும் வரும். இறைச்சித் துண்டைச் சப்பிச் சாறெடுத்துச் சக்கையைத் துப்பும் பிள்ளைக்குச் சுவை பிடிக்காமல் இல்லை. அரைக்க ஆட்டுக்கல் இன்னும் வந்துசேரவில்லை.

குறிப்பேட்டில் ஒரு புதிய பெயர் ஏற எத்தனை தரம் வேண்டும்? இதையும் எண்ணியிருக்கிறார்கள். 1982 இல் பேர்ச்சும் அவர் சக ஆய்வாளரும் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய உணவுகளைக் கொடுத்தார்கள். ஒன்றை இரண்டு தரம், ஒன்றை ஐந்து தரம், பத்து, பதினைந்து, இருபது தரம். கூடுதலாகச் சந்தித்த உணவையே பிள்ளைகள் கூடுதலாக விரும்பினார்கள். பத்துப் பதினைந்து சந்திப்புகள் தேவைப்படலாம் என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நாமோ மூன்றாம் தரம் துப்பியதும் "இவளுக்கு வறை பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பிறகு இன்னொன்றும் கண்டார்கள்: கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, நாக்கில் பட வேண்டும். ஒரு பருக்கை அளவு பட்டாலும் கணக்கில் சேரும்.

நாக்கில் பட வைப்பது எப்படி? மிரட்டினால் நடக்காது. 2006 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், "சூப்பைக் குடிச்சு முடி" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்த சூப்பைப் பிள்ளைகள் குறைவாகக் குடித்தார்கள். அதைப்பற்றி முறைப்பாடும் கூடச் சொன்னார்கள். ஒன்றும் சொல்லாமல் வைத்த சூப் கூடுதலாக இறங்கியது. லஞ்சமும் பலிக்காது. "இதைக் குடிச்சா அது தருவன்" என்று கொடுத்த பானத்தைப் பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாக விரும்பியதை 1984 இல் பேர்ச் காட்டியிருந்தார். கீரை சாப்பிட்டால் சொக்லட் என்று சொல்லும்போது பிள்ளை கேட்பது வேறு: 'சொக்லட் கொடுத்துத் தள்ளிவிட வேண்டிய சாமான் கீரை.' ரெயிலும் போனும் காட்டுவதோ கணக்கப்பிள்ளையின் கண்ணைக் கட்டும் வேலை. வாய்க்குள் போகும், வயிறு நிரம்பியது எண்ணப்படாது.

பலிப்பது ஒன்று இருக்கிறது, மிக எளியது. 2005 இல் இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நிறம் சேர்த்த ரவையைக் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் சும்மா இருந்தபோது பிள்ளைகள் அதைப் பெரிதாகத் தொடவில்லை. அவர் வேறு நிற ரவையைச் சாப்பிட்டபோதும் அப்படித்தான். அதே நிற ரவையை அவர் சாப்பிட்டபோது பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டார்கள். காவற்காரன் கேட்பது ஒரே அத்தாட்சி: "இதை எங்கட ஆள் ஒராள் சாப்பிட்டு உயிரோடை இருக்கிறாரா?" நம் வீடுகளில் பிள்ளைக்கு முதலில் தீத்திவிட்டு, பெரியவர்கள் பிறகு தனியாகச் சாப்பிடுவதே வழக்கம். அதனால் பிள்ளைக்குக் கிடைப்பது கெஞ்சல் மட்டும். அத்தாட்சி கிடைப்பதில்லை.

அப்படியென்றால் பிள்ளையின் விருப்பத்துக்கே முழுவதையும் விட்டுவிடலாமா? விட்டுப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் 1920களின் பிற்பகுதியில் தொடங்கி, பால்குடி மறந்த 15 பிள்ளைகளைச் சிக்காகோவில் வைத்துப் பராமரித்தார். முன்னால் 34 வகை உணவுகள் வரிசைப்படி வரும். தாதி வாய் திறக்கக் கூடாது. பிள்ளை கை காட்டினால் மட்டும் கரண்டியை நீட்டலாம். பிள்ளைகளின் தெரிவுகள் பைத்தியக்காரத்தனமாக இருந்தன. ஒரு வேளைக்கு ஈரல், மறு வேளைக்கு முட்டைகள். ஆனால் மாதக் கணக்கில் பார்த்தபோது எல்லோரும் திடமாக வளர்ந்தார்கள். ரிக்கெட்ஸ் என்னும் என்பு மென்மை நோயோடு வந்த ஒரு பிள்ளை, சுகமாகும்வரை மீனெண்ணெயை விரும்பிக் குடித்தது! இதில் சூட்சுமம் எங்கே என்று டேவிஸே 1939 இல் சொல்லிவிட்டார்: அந்த 34 உணவுகளின் பட்டியலில். சீனிப் பண்டமோ பட்டை தீட்டிய மாவோ அதில் இல்லை. எதைத் தெரிவு செய்தாலும் நல்லதே வரும்படி பெரியவர் ஒருவர் வரிசையை அடுக்கியிருந்தார். எதை, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு என்று பின்னாளில் எலின் சாட்டர் என்ற ஊட்டச்சத்து நிபுணர் பிரித்த பங்கீடும் இதுதான்.

இப்போது அம்மம்மாவின் கிண்ணத்துக்குத் திரும்புவோம். உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான பிள்ளைகளின் உணவை எட்டுக் கூட்டமாகப் பிரிக்கிறது: தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பும் விதைகளும், பாலுணவு, மீனும் இறைச்சியும், முட்டை, விற்றமின் ஏ நிறைந்த கீரை பழங்கள், மற்றைய மரக்கறி பழங்கள். ஒரு நாளில் எட்டில் ஐந்து வந்தால் நல்ல பன்முகம். கிண்ணத்தை எண்ணுங்கள். சோறு ஒன்று, பருப்பு இரண்டு, மீன் மூன்று, முருங்கையிலை நாலு, கத்தரிக்காய் ஐந்து. முழு நாளுக்குரிய ஐந்தும் ஒரு குழையலில் முடிந்துவிட்டது! இரவில் அம்மாவிடம் குடிக்கும் பால் ஆறாவது.

எண்ணிக்கையைவிடப் பெரிய வித்தை அந்தச் சேர்க்கையில் இருக்கிறது. இந்த வயதில் ஒரு நாளுக்கு 7 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்கிறது அமெரிக்க அளவுகோல். வளர்ந்த ஆணுக்கு அதே அளவுகோலில் 8. ஆறு மடங்கு பாரமான அப்பாவும் மடியில் இருக்கும் மகளும் ஏறக்குறையச் சமம்! கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு குடலில் இலகுவில் ஏறாது. கூட ஒரு துண்டு மீன் இருந்தால் கூடுதலாக ஏறும். விற்றமின் சி சேர்ந்தால் இரண்டு மூன்று மடங்கு ஏறும். அந்த விற்றமின் சூட்டில் அழியக்கூடியது. எங்கள் வீடுகளில் சொதியை அடுப்பால் இறக்கிய பிறகுதானே தேசிக்காய் பிழிகிறோம்? பால் திரையக் கூடாது, புளி கசக்கக் கூடாது என்பதற்காகச் செய்தது, பிள்ளையின் இரத்தத்துக்கும் உதவுகிறது. அதே சொதியின் தேங்காய்ப்பால் இன்னொரு வேலையும் செய்கிறது. முருங்கையிலையில் உள்ள கரோட்டின் கொழுப்பில் கரைந்தால்தான் உள்ளே போய் விற்றமின் ஏ ஆகும். வறையில் போட்ட தேங்காய்ப்பூவும் சொதியும் அதற்கு வண்டி கட்டுகின்றன. சாப்பிட்ட கையோடு கொடுக்கும் தேத்தண்ணியோ இந்த உழைப்பைக் கெடுக்கும். அதிலுள்ள துவர்ப்புப் பொருள், இரும்பில் பாதிக்கு மேல் கட்டிப்போட்டுவிடும்.

வறையின் கசப்புக்கும் சமையலறையில் மாற்று உண்டு. உப்பு, உணவுக்கு உப்புச் சுவை கொடுப்பதோடு கசப்பையும் அமுக்கும் என்பதை 1997 இல் 'நேச்சர்' இதழில் ஆய்வாகவே வெளியிட்டார்கள். ஒரு சிட்டிகை போதும். வல்லாரைச் சம்பலில் உப்பும் தேசிப்புளியும் தேங்காய்ப்பூவும் கூட்டுச் சேர்ந்து பிடிப்பதும் அந்தக் கசப்பைத்தான்.

இரைப்பை கோப்பையளவு என்றோமே, அங்கே இன்னொரு நுட்பம் வேண்டும். ஒரு கரண்டிக்குள் எவ்வளவு கலோரி என்பதை 'ஆற்றல் அடர்த்தி' என்பார்கள். நீர்க்கஞ்சியால் வயிறு நிரம்பும், கணக்கு நிரம்பாது. இருபது மாதப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 900 கலோரி மட்டில் வேண்டும். மாவைக் கூட்டினால் கஞ்சி களியாகி இறுகும். தண்ணீர் விட்டால் சத்து மெலியும். குரக்கனை முளைக்கவிட்டு, காயவைத்து, அரைத்த மா இந்த முடிச்சை அவிழ்க்கிறது. முளைக்கும்போது தானியத்துக்குள் ஒரு நொதியம் பிறக்கிறது. நொதியம் என்றால் உடம்பின் வேதிக் கத்தரிக்கோல். அது நீண்ட மாப்பொருள் சங்கிலிகளை வெட்டுகிறது. அதனால் கூடுதல் மா போட்டும் கஞ்சி இளக்கமாக, இனிப்புத் தட்டி நிற்கும். மேலே ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விட்டால், மாப்பொருள் கிராமுக்கு 4 கலோரி தரும் இடத்தில் கொழுப்பு 9 தரும்.

இந்த நுட்பங்கள் எல்லாம் தட்டில் ஏதாவது இருக்கும் வீட்டுக்குப் பொருந்தும். இலங்கையில் 2016 இல் எடுத்த தேசிய அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் பதினைந்து பேர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாமல் இருந்தார்கள். அப்படியான பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் என்று 1973 இல் தொடங்கியது திரிபோஷா. சோளம், சோயா, பால்மா, அவற்றோடு விற்றமின்களும் தாதுக்களும். கிளினிக்கில் வாங்கிய அந்த மாவில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்துத் தின்னாத பிள்ளைகள் நாட்டில் குறைவு.

கணக்கப்பிள்ளை பிழை விடுவதும் உண்டு. அதைப் பிடிக்கும் கருவி, கிளினிக்கில் தரும் பதிவேடு. ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. மாதாமாதம் நிறை நிறுத்துப் புள்ளி வைக்கிறார் குடும்பநல மாது. புள்ளிகள் கோட்டோடு ஒட்டி மேலே ஏறினால், ஒரு மத்தியானச் சோறு மிஞ்சியதற்காக அழ வேண்டாம். கோடு படுத்தாலோ சரிந்தாலோ, விழுங்கும்போது திரும்பத் திரும்பப் புரைக்கேறினாலோ, சாப்பிடும் சாமான்களின் பட்டியல் நாளுக்கு நாள் சுருங்கினாலோ, கிளினிக்கில் காட்ட வேண்டும். முழுக் கச்சானும் பலாக்கொட்டையும் முழுத் திராட்சையும் இந்த வயதுத் தொண்டைக்கு ஆபத்து. ஓடி ஓடித் தீத்துவதும் அப்படியே.

கொக்கு நின்ற குளம் என்பதால் கொக்குவில் என்று பெயர் வந்தது என்பார்கள். வில் என்றால் சிறு குளம். அந்தக் கொக்கிடம் ஒரு பாடம் இருக்கிறது: அது அசையாமல் காத்திருக்கும்.

படியில் அம்மம்மாவுக்குக் களைத்துவிட்டது. கிண்ணத்தைக் கீழே வைக்கிறார். உள்ளே போய்த் தனக்கு ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, குழைத்து, ஒரு கவளம் வாயில் வைக்கிறார். "ஆக்காட்டு" என்று சொல்லவில்லை. முற்றத்தில் கூழாங்கல் பொறுக்கிய பேத்தி நிமிர்ந்து பார்க்கிறாள். நடந்து வருகிறாள். அம்மம்மாவின் வாயைப் பார்க்கிறாள், தட்டைப் பார்க்கிறாள். இரண்டு விரலால் வறையில் ஒரு துணுக்கு எடுத்து, மணந்து, நாக்கு நுனியில் வைக்கிறாள்.

முகம் சுருங்குகிறது. துப்பிவிடுகிறாள்.

அம்மம்மா சிரித்துக்கொண்டு அடுத்த கவளத்தைக் குழைக்கிறார். நாக்கில் பட்டுவிட்டது. இது ஆறாம் தரம்.